வயிற்றுக்குள் மூன்று வீடு: பிள்ளைக்குச் சிறுநீரகம் உருவாகும் கதை



பேராக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நம் சுகாதாரப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு இது ஆறாம் மாதம். கிளினிக்கில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "பிள்ளைக்கு ஒரு பக்கம்தான் கிட்னி தெரியுது. பயப்படாதீங்க, பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவ பாத்துருவோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்தது வினை. "கிரகணத்துல வெளிய போகாதேன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டியா?" என்கிறாராம் மாமியார். "வயித்துப் புள்ளையோட பழம் பொறுக்கப் போனா இப்படித்தான்" என்கிறார்களாம் பக்கத்து லயத்தில். கடைசியில் அந்தச் சகோதரி இரண்டே கேள்வி கேட்கிறார்: "இது நான் செஞ்ச தப்பா? என் புள்ள பொழைக்குமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அம்மா, இது உங்கள் தப்பு அல்ல. மற்றொரு சிறுநீரகம் நன்றாக இருந்தால் உங்கள் பிள்ளை பிழைக்கும், ஓடியாடி விளையாடும், பள்ளிக்கூடம் போகும்.

சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். வயிற்றுக்குள்ளே சிறுநீரகம் எப்போது, எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் நீங்களே இதை ஒத்துக்கொள்வீர்கள். வீட்டில் உள்ள ஆண்களும் பெரியவர்களும் சேர்ந்து படிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் வாரக் கணக்கு

கிளினிக்கில் மிஸ்ஸி வாரம் கணக்குப் போடுவது கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து. கரு தங்குவதோ அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே கிளினிக்கில் "ஆறு வாரம்" என்றால் கருவின் உண்மையான வயது நான்கு வாரம். இந்தக் கட்டுரை முழுவதும் கிளினிக் கணக்கிலேயே சொல்கிறோம்.

ஆறாவது வாரத்தில் கரு ஒரு பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். பல பெண்களுக்கு அப்போது தூரம் தள்ளிப்போனதே சரியாகத் தெரிந்திருக்காது. ஆனால் உள்ளே அதற்குள் சிறுநீரக வேலை தொடங்கிவிடுகிறது.

அத்தாப்புக் கொட்டகை, பலகை வீடு, கல்வீடு

நம் முன்னோர்கள் காடழித்துத் தோட்டம் போட்டபோது எப்படிக் குடியேறினார்கள்? முதலில் ஒரு அத்தாப்புக் கொட்டகை. பிறகு பலகை வீடு. கடைசியில்தான் கல்வீடு. வயிற்றுப் பிள்ளைக்கும் அப்படியே. நமக்கெல்லாம் சிறுநீரகம் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கட்டப்பட்டது என்றால் நம்புவீர்களா?

முதலில் கருவின் கழுத்துப் பக்கத்தில் சில சிறு குழாய்கள் தோன்றும். இதை முன்சிறுநீரகம் என்பார்கள். இது அத்தாப்புக் கொட்டகை. மனிதக் கருவில் இது எந்த வேலையும் செய்யாமலே சில நாட்களில் மறைந்துவிடும்.

அது மறையும்போதே அதற்குக் கீழே, நெஞ்சு வயிற்றுப் பகுதியில், இரண்டாவது ஒன்று எழும்பும். இது இடைச்சிறுநீரகம், பலகை வீடு. கொஞ்ச காலம் இது வேலையும் செய்யும். மீனுக்கும் தவளைக்கும் ஆயுள் முழுவதும் ஓடுவது இந்த மாதிரிச் சிறுநீரகம்தான். மனிதப் பிள்ளைக்கு மூன்றாம் மாத வாக்கில் இதுவும் கரைந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மன் நாட்டு அறிஞர் காஸ்பர் ஃபிரெடரிக் வுல்ஃப். அடைகாத்த கோழி முட்டைகளை உடைத்து, உள்ளே கரு நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். 1759ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். இடைச்சிறுநீரகத்தின் குழாய்க்கு இன்றும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பலகை வீட்டைப் பிரித்தால் நல்ல பலகையை நாம் வீணாக்குவோமா? கோழிக் கூண்டுக்காவது எடுத்துக்கொள்வோம். உடம்பும் அப்படித்தான். ஆண் பிள்ளையாக இருந்தால் அந்தப் பழைய குழாய் விந்து போகும் குழாயாக மாறிவிடும். பெண் பிள்ளைக்கு அது தேவையில்லை, பெரும்பாலும் மறைந்துவிடும்.

மூன்றாவதுதான் கல்வீடு. பின்சிறுநீரகம் என்று பெயர். கிளினிக் கணக்கில் ஏழாவது வாரத்தில், இடுப்புக்குக் கீழ்ப்பகுதியில் இதற்கு அஸ்திவாரம் போடப்படுகிறது. இன்று உங்கள் முதுகுக்குள் இருந்து உழைக்கும் சிறுநீரகம் இதுதான்.

ஒட்டு பிடிக்க வேண்டும்

இந்த மூன்றாவது சிறுநீரகம் ஒரே பொருளிலிருந்து வளர்வதில்லை. இரண்டு பொருள் சேர வேண்டும். நாற்று மேடையில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

வுல்ஃபின் குழாயிலிருந்து ஒரு சின்ன மொட்டு கிளம்பும். அதன் எதிரே ஒரு திசுக் கட்டி காத்திருக்கும். மொட்டு போய் அந்தக் கட்டிக்குள் நுழைய வேண்டும். நுழைந்ததும் கட்டி மொட்டைப் பார்த்து "கிளை விடு" என்று சொல்வது போலவும், மொட்டு கட்டியைப் பார்த்து "நீ வடிகட்டியாக மாறு" என்று சொல்வது போலவும் இரண்டுக்கும் இடையே இரசாயனத் தகவல் போய்வரும். மொட்டு இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இப்படிச் சுமார் பதினைந்து தடவை கிளை விடும்.

1950களில் கிளிஃபர்ட் குரோப்ஸ்டைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சுண்டெலிக் கருவில் இதைச் சோதித்துப் பார்த்தார். மொட்டையும் கட்டியையும் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தபோது இரண்டுமே வளராமல் நின்றன. சேர்த்து வைத்தபோது மொட்டு கிளை விட்டது, கட்டியில் குழாய்கள் உருவாயின.

ஒட்டுக் கட்டி மூன்று வாரம் கழித்துப் பிரித்துப் பார்ப்போம். பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் பிடிக்கவில்லை. நல்ல கையால், நல்ல கன்றில், நல்ல நாளில் கட்டினாலும் சிலது பிடிப்பதில்லை. சிறுநீரகமும் அப்படியே. ஒரு பக்கம் மொட்டு கிளம்பாமல் போனாலோ, கட்டியைப் போய்ச் சேராமல் போனாலோ அந்தப் பக்கம் சிறுநீரகம் உருவாகாது. நம் சகோதரியின் பிள்ளைக்கு அநேகமாக நடந்தது இதுதான். சிலருக்கு உருவான சிறுநீரகம் பிறகு சுருங்கி மறைந்துவிடுவதும் உண்டு.

எப்போது நடந்தது? ஏழாவது, எட்டாவது வாரத்தில். அவர் பழம் பொறுக்கியதற்கும் கிரகணத்திற்கும் இதில் என்ன சம்பந்தம்? நிழல் விழுந்தால் மொட்டு நின்றுவிடுமா? பெரும்பாலும் காரணம் இன்னதென்று டாக்டர்களாலேயே சொல்ல முடிவதில்லை. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். பரம்பரை என்றால் தாய்வழி மட்டுமல்ல, தகப்பன்வழியும் சேர்த்துத்தான். மருமகளைக் குறை சொல்லும் மாமியாருக்கே எத்தனை சிறுநீரகம் இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும்!

கீழே பிறந்து மேலே ஏறும்

இன்னொரு வேடிக்கை. சிறுநீரகம் உருவாகும் இடம் இடுப்புக்குள்ளே. ஆனால் நமக்கு அது இருக்கும் இடம் விலா எலும்புக்குப் பக்கத்தில், முதுகுப் புறம். எட்டாவது வாரத்திலிருந்து பதினோராவது வாரத்துக்குள் அது மேலே ஏறி வருகிறது. ஏறும்போதே கால் சுற்றுத் திரும்பியும் கொள்கிறது. போகும் வழியில் புது இரத்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு பழையதை விட்டுவிடும். சில சமயம் பழையதும் தங்கிவிடும். நால்வரில் ஒருவருக்கு இப்படிக் கூடுதல் இரத்தக் குழாய் உண்டு. அதனால் தொல்லை ஏதும் பெரும்பாலும் இல்லை.

சிலருக்கு ஒரு சிறுநீரகம் ஏறாமல் இடுப்பிலேயே நின்றுவிடும். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இரண்டு சிறுநீரகமும் கீழ் முனையில் ஒட்டிக்கொண்டு குதிரை லாடம் மாதிரி ஆகிவிடும். ஒட்டிய அந்தப் பகுதி வழியில் ஒரு இரத்தக் குழாயில் மாட்டிக்கொள்வதால் மேலே போக முடியாது. இப்படி உள்ளவர்கள் பலர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். கல் அடைப்புக்கோ வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரிய வரும்.

மூத்திரப்பை எங்கிருந்து வந்தது?

கோழிக்கு மலமும் மூத்திரமும் முட்டையும் ஒரே வாசலில் வருவதை வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் அறிவார்கள். மனிதக் கருவுக்கும் ஆரம்பத்தில் ஒரே வாசல்தான். ஆறாவது வாரத்துக்கும் ஒன்பதாவது வாரத்துக்கும் இடையில் நடுவே ஒரு சுவர் இறங்கி வரும். பின் அறை மலக்குடலாகும். முன் அறையின் மேல்பகுதி மூத்திரப்பையாகும். சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாயும் அதில் வந்து சேரும். மங்கில் வடிந்த பால் வாளிக்கு வந்து, வாளியிலிருந்து ஸ்டோருக்குப் போவது போல, வடிகட்டியில் இறங்கிய நீர் குழாய் வழியாகப் பைக்கு வருகிறது.

அந்த நாளில் மூத்திரப்பைக்கும் தொப்புளுக்கும் இடையே ஒரு சிறு வழியும் இருக்கும். பிறப்பதற்குள் அது மூடி நார் போல ஆகிவிடும். அபூர்வமாக மூடாமல் போனால் பிறந்த பிள்ளையின் தொப்புளிலிருந்து நீர் கசியும். "தொப்புள் ஆறல, மஞ்சள் பத்துப் போடு" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். கிளினிக்கில் காட்டுங்கள். சின்ன அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம்.

வயிற்றுக்குள்ளே பிள்ளை மூத்திரம் போகுமா?

போகும். நன்றாகவே போகும். பதினோராவது, பன்னிரண்டாவது வாரத்தில் புதுச் சிறுநீரகம் மூத்திரம் இறக்கத் தொடங்கிவிடுகிறது. அது பனிக்குடத்தில் கலக்கும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளையின் மூத்திரம்தான். பிரசவம் நெருங்கும் சமயத்தில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகும். அதையே பிள்ளை குடிக்கும், மறுபடி போகும்.

"சீ, அசிங்கம்!" என்று முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளையின் இரத்தத்தில் உள்ள கழிவை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் உடம்பு வாங்கிக்கொள்கிறது. அதாவது ஒன்பது மாதமும் தாயின் சிறுநீரகம்தான் இரண்டு உயிருக்கும் உழைக்கிறது. பிள்ளையின் மூத்திரம் கழிவு கழிப்பதற்காக அல்ல. பனிக்குடத்தில் நீர் நிறைந்திருந்தால்தான் பிள்ளை கை கால் அசைக்க முடியும், நுரையீரல் விரிந்து வளர முடியும்.

அதனால்தான் ஸ்கேனில் பனிக்குட நீர் எவ்வளவு என்று அளந்து பார்க்கிறார்கள். நம் சகோதரிக்கு நீர் போதிய அளவு இருந்தால் அது நல்ல சேதி. பிள்ளையின் ஒற்றைச் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று பொருள். இரண்டு பக்கமும் சிறுநீரகம் உருவாகாமல் போவதும் மிக அபூர்வமாக நடக்கும். அப்போது பனிக்குடம் வற்றிவிடும், நுரையீரல் வளராது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவது மிகக் கடினம். எடித் பாட்டர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் 1946இல் இதை விளக்கி எழுதினார். இதிலும் தாயின் குற்றம் இல்லை. அப்படி ஒரு தாய் பக்கத்து வீட்டில் இருந்தால் அவரிடம் காரணம் தேடாதீர்கள். ஒரு வாய் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஒற்றைச் சிறுநீரகம் போதுமா?

சுமார் ஆயிரம் பிள்ளைகளில் ஒன்று ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறக்கிறது. இருக்கும் ஒன்று தனக்குள்ள வேலையைத் தெரிந்துகொண்டு சாதாரண அளவைவிடப் பெரிதாக வளரும். ஒருவர் தம் சிறுநீரகத்தை இன்னொருவருக்குத் தானம் கொடுத்துவிட்டு நன்றாக வாழ்வதை நாம் பார்க்கிறோம் அல்லவா?

ஆனால் கவனம் வேண்டும். பிள்ளை பிறந்ததும் ஒரு ஸ்கேன் பார்க்க வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் தவணையில் இரத்த அழுத்தமும் மூத்திரமும் சோதிக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. வளர்ந்த பிறகும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "எனக்கு ஒரு கிட்னிதான்" என்று முதலில் சொல்லப் பழக்குங்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு இன்னொரு குறையும் வரும். மூத்திர வழியில் மெல்லிய சவ்வு அடைத்திருக்கும். பிள்ளை மூத்திரம் போகும்போது பீய்ச்சி அடிக்காமல் சொட்டுச் சொட்டாக வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். பிறந்து 24 மணி நேரமாகியும் மூத்திரம் போகாவிட்டால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.

பத்து லட்சம் வடிகட்டி, ஒரே தடவைதான்

இப்போது நம் கைக்குள் இருக்கும் விஷயத்துக்கு வருவோம்.

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகச் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. நெஃப்ரான் என்பார்கள். எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை இல்லை. ஒருவருக்கு 2 லட்சம் இருக்கலாம், இன்னொருவருக்கு 20 லட்சம் இருக்கலாம். இதில் பாதிக்கு மேல் உருவாவது கடைசி மூன்று மாதத்தில். சுமார் 36ஆவது வாரத்தோடு அந்த வேலை முடிந்துவிடும். அதன் பிறகு ஆயுளுக்கும் ஒன்றுகூடப் புதிதாக உண்டாகாது. வெட்டிய பட்டை மறுபடி வளரும். நெஃப்ரான் வளராது. தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த முதலை வைத்துத்தான் கடைசி வரை குடும்பம் நடத்த வேண்டும்.

2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கும், மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கும் இந்த முதல் குறைவாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் வரும் வாய்ப்பு அதிகம் என்று 1988இல் பேரி பிரென்னர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகு வந்த பல ஆராய்ச்சிகளும் அதை ஒட்டியே இருக்கின்றன. குறைந்த முதலோடு பிறந்தவருக்கு இனிப்பு நீரும் சேர்ந்தால் என்ன ஆகும்? மலேசியாவில் புதிதாக டயாலிசிசுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இனிப்பு நீரே காரணம்.

ஆகவே கர்ப்பிணிப் பெண்ணின் சாப்பாடு, ஓய்வு, தண்ணீர் எல்லாம் அவள் ஒருத்தியின் சொந்த விஷயம் அல்ல. ஐம்பது வருஷம் கழித்து ஒரு மனிதன் டயாலிசிஸ் மெஷினில் படுப்பதா வேண்டாமா என்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

செய்ய வேண்டியவை

1. தூரம் தள்ளிப்போனதும் கிளினிக்கில் பதியுங்கள். "மூணு மாசம் ஆகட்டும்" என்று காத்திருந்தால் சிறுநீரகம் உருவாகி மேலேயும் ஏறியிருக்கும். ஐந்தாம் மாத வாக்கில் எடுக்கும் ஸ்கேனைத் தவற விடாதீர்கள்.

2. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ள பெண்கள் பிள்ளை பெற நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். சில கொதிப்பு மாத்திரைகள் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றை மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

3. இடுப்பு வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். போன்ஸ்தான், இபுபுரோஃபென் போன்றவை ஐந்தாம் மாதத்துக்கு மேல் பிள்ளையின் மூத்திரத்தைக் குறைத்துப் பனிக்குட நீரை வற்றச் செய்யலாம். 2020இல் அமெரிக்க மருந்துத் துறை இதை எச்சரித்து அறிவித்தது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ஜாமுவும் வேண்டாம். சம்சு, பீர் எதுவும் ஒரு மிடறுகூட வேண்டாம்.

4. மூத்திரத்தை அடக்காதீர்கள். காட்டில் மறைவிடம் இல்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர்! கர்ப்ப காலத்தில் மூத்திரக் குழாய் தளர்ந்து நீர் தேங்கும், கிருமி சுலபமாக ஏறும். எரிச்சல், காய்ச்சல், விலா வலி வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். இதை விட்டுவிட்டால் மாதம் நிறையாமல் பிரசவம் ஆகிவிடும் அபாயம் உண்டு. வேலையிடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பிடம் கேட்பது ஆடம்பரம் அல்ல. பிள்ளையின் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற கோரிக்கை அது.

5. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருந்து அடிக்கும் வேலைக்கும் உரம் போடும் வேலைக்கும் போக வேண்டாம். ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் பெற்ற செம்பனைத் தோட்டங்களில் இவர்களைப் பூச்சி, களை மருந்து வேலையில் வைக்கக் கூடாது என்பது அதன் விதி. பராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய போத்தல் வீட்டில் கிடந்தால் தண்ணீர் ஊற்றி வைக்க எடுக்காதீர்கள். மண்டோரிடம் வயிறு தெரிவதற்கு முன்பே சொல்லி வேறு வேலை கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமானால் தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

6. பிரசவ விடுமுறை 2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் 98 நாள். அது உங்கள் உரிமை. சம்பளம் போய்விடும் என்று பயந்து கடைசி வாரம் வரை பாரம் தூக்காதீர்கள். பாரம் தூக்கியதால் சிறுநீரகம் உருவாகாமல் போவதில்லை என்று மேலே சொன்னோம். அதற்காகப் பாரம் தூக்கலாம் என்று பொருள் இல்லை.

முடிவாக அந்தச் சகோதரிக்கு: பயப்படாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இருக்கும் சிறுநீரகம் சரியான இடத்தில் நல்லபடியாக இருக்கிறதா? பனிக்குட நீர் போதுமா? பிறந்ததும் எப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும்? கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள். ஸ்கேன் திரையில் பேரப்பிள்ளை கை காலை உதைப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் கிரகணத்தை அவரே மறந்துவிடுவார்.

பிள்ளை பிறந்ததும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், அம்மா.